கையும் கருவியும் – 17: திறந்தபடி ஒரு பூட்டு

அமெரிக்காவில் துப்பாக்கி விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும் 'ரூகர் 10/22' கண்ணில் படாமல் இருக்காது. பத்துத் தோட்டா, .22 அங்குலம், பெயருக்குள் இருப்பது அவ்வளவுதான். 1964இல் வெளிவந்த இந்த ரைஃபிள் இதுவரை 70 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. பிள்ளைக்கு அப்பா சுடக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் இதில்தான். வாரக்கடைசியில் காலி டப்பாக்களை வரிசையாக நிறுத்திச் சுடுவதற்கும், தோட்டத்தை மேயவரும் முயலுக்கும் இதையே எடுப்பார்கள். எடை இரண்டேகால் கிலோ சொச்சம். தோளில் உதைப்பது தெரியவே தெரியாது. இவ்வளவு சாதுவான துப்பாக்கி, சுட்டு முடித்த பிறகுதான் புதியவரைத் திணறடிக்கிறது. குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, திறந்தபடி நிறுத்த வேண்டும். இழுக்க வருகிறது. நிறுத்த வரவில்லை.

நிறுத்துவதற்கென்றே ஒரு பூட்டு இருக்கிறது. விசையைச் சுற்றி வளையம் ஒன்று இருக்குமே, அதற்குச் சற்று முன்னால், துப்பாக்கியின் அடிப்பக்கத்தில், ஒரு சின்ன எஃகுத் தகடு துருத்திக்கொண்டிருக்கும். அதை ஒட்டினாற்போல், தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றும் நெம்பு. தகட்டைத் தேடிப் போகும் விரல் நெம்பைத் தட்டிவிட்டால் மேகசின் கழன்று உள்ளங்கையில் விழும். முதல் முறை துப்பாக்கியைக் கையில் எடுப்பவர், எதையோ உடைத்துவிட்டோம் என்று பதறிப்போவது இந்த இடத்தில்தான்.

கையேடு சொல்லும் முறை இது: போல்ட்டின் கைப்பிடியைக் கடைசிவரை பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடியே தகட்டின் கீழ்ப்பகுதியை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்திய விரலை எடுக்காமல் போல்ட்டை மெல்ல முன்னால் விட்டால், பாதி வழியில் தகடு அதைத் தாங்கிக்கொள்ளும். அவிழ்ப்பதற்கு, போல்ட்டை மறுபடியும் பின்னால் இழுத்துக்கொண்டு, இந்த முறை தகட்டின் மேல்பகுதியை அழுத்திவிட்டு, கைப்பிடியை விட வேண்டும்.

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. செய்யும்போது மூன்று கை கேட்கிறது. ஒரு கை துப்பாக்கியைத் தாங்க வேண்டும். ஒரு கை ஸ்பிரிங்குக்கு எதிராகப் போல்ட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். தகட்டை அழுத்த யார் வருவது? பூட்டுவதையாவது தற்செயலாகச் செய்துவிடலாம். திறப்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். அழுத்திப் பூட்டிய அதே கீழ்முனையை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அது இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும். தகட்டின் ஊடே ஒரு துளை; துளை வழியே குறுக்காக ஒரு ஊசி. துளை வட்டமாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு வட்டங்கள் போன்ற வடிவம், நடுவில் ஒரு சிறு படி. கீழ்முனையை அழுத்தும்போது தகடு மேலெழும்பி, அந்தப் படி ஊசியின்மீது உட்கார்ந்துகொள்கிறது. அதன்பிறகு போல்ட்டை எத்தனை தடவை இழுத்தாலும் தகடு இறங்காது; படி விடாது. மேல்முனையை அழுத்தித் தகட்டை ஒரு நூல் சாய்த்தால்தான் படி ஊசியை விட்டு நழுவும். அவ்வளவு சின்ன அசைவு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிரமப்பட்டு எதற்குத் திறந்து வைப்பது? மூடியே வைத்தால் என்ன?

கையால் இழுத்து இயக்கும் போல்ட் ரைஃபிளில் இந்தக் கேள்வியே எழாது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் போல்ட் அங்கேயே நிற்கும். அதை முன்னால் தள்ள உள்ளே யாரும் இல்லை. 10/22 அப்படியில்லை, இது தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. சுடும்போது போல்ட்டைக் குழலோடு பூட்டி வைக்கும் பொறி எதுவும் இதில் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும்தான் அதை மூடி வைத்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் வெற்றுக்கூடு பின்னோக்கித் தள்ள, போல்ட் பின்னால் போய், கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது மேகசினிலிருந்து புதுத் தோட்டாவை முன்னால் தள்ளிக்கொண்டு மூடிவிடும். .22 தோட்டாவின் வலு குறைவு என்பதால் இந்த எளிய ஏற்பாடே போதும். ஆனால் அந்த ஸ்பிரிங் ஓய்வதே இல்லை. சுடுபவர் என்ன நினைத்தாலும் அதற்கு மூடுவதொன்றே வேலை.

பத்தாவது தோட்டா போன பிறகும் அது மூடிவிடும். பல தானியங்கித் துப்பாக்கிகளில் கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் திறந்தபடி நின்றுவிடும். காலி என்று அதுவே காட்டிக்கொடுக்கும். 10/22இல் அந்த வசதியை வைக்கவில்லை. பதினோராவது முறை விசையை இழுக்கும்போது 'டிக்' என்று சத்தம் வரும். எண்ணிக்கை தவறவிட்டவருக்குச் செய்தி அப்போதுதான் கிடைக்கும். பல .22 ரைஃபிள்களில் இப்படி வெறுமனே அடித்தால், தோட்டாவை அடிக்கும் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுந்துவிடும். 10/22இல் ஊசி அவ்வளவு தூரம் போகாதபடி தடுப்பு இருப்பதால் துப்பாக்கிக்குச் சேதமில்லை.

சேதம் வேறு வகையில் வரலாம். மூடியிருக்கும் போல்ட்டைப் பார்த்து உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து மேசைக்காரரால் முடியாது. நாலடி தள்ளி நிற்கும் சுடுதள அதிகாரியால் முடியாது. சுட்டவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. பொதுச் சுடுதளங்களில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை 'சீஸ் ஃபயர்' குரல் கேட்கும். எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியை மேசையில் வைத்து, பின்னால் நகர்ந்துவிட வேண்டும். சிலர் குறித்தாளை மாற்றுவதற்காகக் குழல்களுக்கு முன்னால் நடந்து போவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு அத்தனை துப்பாக்கிகளும் அவர்கள் முதுகைப் பார்த்தபடி கிடக்கின்றன. அதனால்தான் மேகசின் வெளியே, போல்ட் திறந்தபடி, அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி என்று விதி. அதிகாரி வரிசை நெடுக ஒரு பார்வை ஓட்டுவார். ஒரு போல்ட் மூடியிருந்தாலும் யாரும் முன்னே போக முடியாது. வரிசையில் உள்ள அத்தனை பேரும், தகட்டோடு மல்லுக்கட்டும் ஒருவருக்காகக் காத்து நிற்பார்கள். புதியவருக்கு வியர்ப்பதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் 'ஆப்பிள்சீட்' என்று ஒரு பயிற்சித் திட்டம் நடக்கிறது. சாதாரணக் குடிமக்களுக்கு வாரயிறுதியில் ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். வருபவர்களில் நிறையப் பேர் 10/22ஐத்தான் கொண்டுவருகிறார்கள். மேகசின் எடு, போல்ட்டைத் திறந்து பூட்டு, சேஃப்டி போடு, கொடி வை, துப்பாக்கியைக் கீழே வை, கையை எடு: இந்த ஒழுங்கு முடியாமல் அங்கே வேறெதுவும் தொடங்காது. குறிபார்ப்பதைவிட இதில்தான் முதலில் கை பழக வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் முதல் இரண்டை மாற்றிப் போட்டவர்களின் கதைதான் ஆபத்தானது. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஒருவர் போல்ட்டை இழுக்கிறார். அறையில் இருந்த தோட்டா வெளியே வந்து விழுகிறது. நிம்மதியாகக் கைப்பிடியை விடுகிறார். முன்னால் போகும் போல்ட் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு மூடுகிறது. தோட்டா விழுந்ததைக் கண்ணாலேயே பார்த்ததால், துப்பாக்கி காலி என்று சத்தியம் செய்வார். பிறகு மேகசினையும் கழற்றிவிடுவார். அறைக்குள் ஒன்று மிச்சம் இருக்கும். 'காலித் துப்பாக்கி' வெடித்ததாகச் சொல்லப்படும் விபத்துகளில் இந்த வரிசைப் பிசகுக்குப் பெரிய பங்கு உண்டு. போல்ட்டைத் திறந்து பூட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்தத் தவறு நேர வாய்ப்புக் குறைவு. பூட்டிய பிறகு அறைக்குள் கண்ணால் பார்க்கலாம். சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்கலாம்.

சேஃப்டியிலும் ஒரு கூத்து இருக்கிறது. விசை வளையத்தின் முன்பக்கம் குறுக்காக ஒரு பொத்தான். உள்ளே ஊசியை அடிக்கும் சுத்தி பின்னுக்கு இழுபட்டு நிற்கும்போது மட்டுமே அது நகரும். 'டிக்' என்று காலி அடித்தபின் அழுத்தினால் அசையாது. பொத்தான் கெட்டுவிட்டது என்று சிலர் கடைக்கே எடுத்துப் போவதுண்டு. போல்ட்டை ஒருமுறை இழுத்தால் சுத்தி திரும்பவும் ஏறிக்கொள்ளும், பொத்தானும் நகரும். எனவே எந்த வழியில் போனாலும் போல்ட்டிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

10/22 சுடும் 'ரிம்ஃபயர்' தோட்டாவின் குணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மற்றத் தோட்டாக்களில் தீப்பொறி மருந்து அடியின் நடுவில் தனி மூடியில் இருக்கும். ரிம்ஃபயரில் அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரப்பியிருப்பார்கள். ஊசி விளிம்பில் அடித்தால் போதும். பாரிசில் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் 1845இல் தொடங்கிவைத்த உத்தி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. மலிவு, மெல்லிய சத்தம், குறைந்த உதை. குறை என்னவென்றால், விளிம்பில் எங்காவது மருந்து சரியாகப் பரவாமல் போனால் அந்த இடத்தில் ஊசி அடித்தும் வெடிக்காது. அப்போது உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழலைக் குறித்தாளை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, பூட்டி, பார்க்க வேண்டும். சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் செய்பவர்களுக்காகத் தோட்டாப் பெட்டியின்மேலேயே ஒன்றரை மைல்வரை பாயும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

இந்தத் துப்பாக்கியை உருவாக்கிய வில்லியம் ரூகர் பொறிகளை எளிமையாக்குவதில் பித்துப் பிடித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய ஓர் அமெரிக்க மரைன் வீரரிடமிருந்து ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கியை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் அதைப் போலவே செய்து பார்த்தார். அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்பவர் கொடுத்த 50,000 டாலர் முதலீட்டில் 1949இல் கனெக்டிகட்டில் நிறுவனம் தொடங்கியது. முதல் சரக்கு ஒரு .22 கைத்துப்பாக்கி, விலை 37.50 டாலர். அதன் சாயலில் நம்பு அப்பட்டமாகத் தெரியும். இரண்டு வருடத்தில் ஸ்டர்ம் இறந்துபோனார். அவர் நினைவாக, நிறுவன முத்திரையில் சிவப்பாக இருந்த கழுகு கறுப்பானது.

10/22இலும் ரூகருடைய கைவண்ணம் தெரிகிறது. தோட்டாக்களை நீளமான பெட்டியில் அடுக்காமல், உருளையைச் சுற்றி வட்டமாக நிறுத்தும் மேகசின். துப்பாக்கியின் வயிற்றுக்குள் துருத்தாமல் அடங்கிவிடும். இரண்டு ஊசிகளைத் தட்டிவிட்டால் விசைப் பகுதி முழுதும் ஒரே துண்டாகக் கழன்று வரும். நம்முடைய தகடும் அதற்குள்தான் குடியிருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்தவர் போல்ட் பூட்டில் மட்டும் ஏன் இந்த முடிச்சைப் போட்டார் என்று கேட்காத உரிமையாளர் இல்லை.

அதே காலத்துப் போட்டியாளரைப் பாருங்கள். மார்லின் நிறுவனத்தின் 'மாடல் 60' 1960இல் வந்தது. அதுவும் லட்சக்கணக்கில் விற்ற .22தான். அதில் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, அப்படியே உள்பக்கமாக ஒரு தள்ளு. போல்ட் திறந்தபடி நிற்கும். வெளிப்பக்கம் இழுத்தால் விட்டுவிடும். தகடும் இல்லை, மூன்றாவது கையும் வேண்டாம். 1980களில் கடைசித் தோட்டாவுக்குப் பின் தானே திறந்து நிற்கும் வசதியையும் சேர்த்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மார்லின்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிய எம்1 கரண்ட் ரைஃபிளின் போல்ட்டும் தோட்டா தீர்ந்ததும் தானே திறந்து நிற்கும். ஆனால் புதுத் தோட்டாக்களை உள்ளே அழுத்தும் கட்டைவிரலை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் போல்ட் பாய்ந்து வந்து நசுக்கும். 'கரண்ட் கட்டைவிரல்' என்று அந்தக் காயத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 10/22இன் போல்ட் சிறியதுதான் என்றாலும் விரல் மாட்டினால் நகம் கறுக்கும்.

சரி, மூன்றாவது கைக்கு என்ன வழி? பழகியவர்கள் துப்பாக்கியின் எடையைக் கையிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். பின்கட்டையை மேசையிலோ இடுப்பிலோ ஊன்றி, குழல் குறித்தாளின் பக்கமே இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். இடது உள்ளங்கை அடிப்பக்கத்தைத் தாங்கும். மேகசின் ஏற்கெனவே வெளியே போய்விட்டதால் அங்கே இடம் தாராளம். அந்தக் கையின் ஒரு விரல் தகட்டின் கீழ்முனையில் தயாராக உட்காரும். வலதுகை கைப்பிடியை இழுக்கும். இழுத்தபின் தேடக் கூடாது. விரல் முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். வலதுகை போல்ட்டைத் திடீரென்று விடாமல் கூடவே முன்னால் போய், தகட்டின்மீது அது உட்காரும் மெல்லிய அதிர்வு தெரிந்த பிறகே விலகும். இதைத் தோட்டா எதுவும் அருகில் இல்லாத இடத்தில், வீட்டு மேசையிலேயே பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள். தகட்டைக் குனிந்து பார்க்காமல் செய்ய வரும்வரை சுடுதளத்துக்குப் போவதில் அவசரம் காட்ட வேண்டாம் என்பது நியாயமான யோசனைதான். குனிந்து பார்க்கும்போது குழல் எங்கே திரும்புகிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

நம் ஊரில் இந்தப் பாடத்தை வேறு வடிவத்தில் படித்தவர்கள் ஏராளம். பள்ளி, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் முகாமில் .22 ரைஃபிளை ஏந்திப் படுத்து, 25 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டிருப்பார்கள். அது கையால் இயக்கும் போல்ட் என்பதால் பூட்டுத் தகட்டின் தொல்லை இல்லை. ஆனாலும் சடங்கு அதேதான். 'ஜாஞ்ச் சஸ்த்ர' என்று கட்டளை வந்ததும் போல்ட்டைத் திறந்து காட்ட வேண்டும். அதிகாரி ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போவார். 'போல்ட் சலா' என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும். இந்தி தெரியாத தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் அந்த இரண்டு கட்டளைகளும் ஆயுளுக்கும் மறக்காது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே பயன்படுத்துவதும் .22 ரிம்ஃபயர்தான். தகுதிச் சுற்றில் மட்டும் கணக்கில் சேரும் 60 தோட்டாக்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் போல்ட்டைத் திறந்து, தோட்டாவை விரலால் வைத்து, மூட வேண்டும். அந்தப் போட்டிகளிலும் சுடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அறைக்குள் பளிச்சென்ற நிறக் கொடி இருந்தே ஆக வேண்டும் என்று உலகத் துப்பாக்கிச் சுடும் கூட்டமைப்பின் விதி இருக்கிறது. பதக்க வீரரின் ரைஃபிளுக்கும் விலக்கில்லை.

பனிச்சறுக்கையும் சுடுதலையும் சேர்த்த பயாத்லானில் இதே .22தான், ஆனால் தானியங்கிக்கு அனுமதி கிடையாது. போல்ட்டைச் சுழற்றாமல் நேராக இழுத்துத் தள்ளும்படி பவேரியாவைச் சேர்ந்த பீட்டர் ஃபோர்ட்னர் வடிவமைத்த பொறி அங்கே கொடிகட்டிப் பறக்கிறது. ஆள்காட்டி விரல் இழுக்கும், கட்டைவிரல் தள்ளும். விசையருகே இருந்து கை நகர்வதே இல்லை. மூச்சு வாங்கியபடி வந்து, 50 மீட்டர் தூரத்து ஐந்து கறுப்பு வட்டங்களைச் சில நொடிகளில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள்.

மறுபடி அமெரிக்கக் கடைக்கு வருவோம். 10/22இன் தகட்டுக்கு மாற்றாகத் 'தானாக விடும்' தகடு என்று ஒன்றை வேறு நிறுவனங்கள் விற்கின்றன. அதில் அந்தச் சிறு படி கிடையாது. அங்கே சரிவுதான் இருக்கும். பூட்டிய போல்ட்டைப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்து விட்டால் போதும், தகடு தானே இறங்கிவிடும். அரம் வைத்திருப்பவர்கள் பழைய தகட்டின் படியைத் தாங்களே ராவிவிடுவார்கள். ஒருவரே பயன்படுத்தும் துப்பாக்கியென்றால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பேர் கைமாறும் பயிற்சித் துப்பாக்கியில் கையேட்டில் உள்ளபடியே விட்டுவைப்பதுதான் உத்தமம். .22 தோட்டாவின் மெழுகும் ஈயத்தூளும் கரியும் சேர்ந்து விசைப் பகுதிக்குள் பிசின்போல் படியும்போது, மாற்றிய தகடும் மாற்றாத தகடும் ஒன்றுபோலவே சிக்கும். கழற்றித் துடைத்தால் பாதி புகார் தீர்ந்துவிடும்.

பழைய 10/22 வாங்குகிறவருக்கு இன்னொரு சிக்கல். முந்தைய சொந்தக்காரர் படியை ராவினாரா இல்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. கையேட்டை நம்பி, பூட்டிய போல்ட் இனி அசையாது என்று விரலை உள்ளே விட்டுத் துடைக்கும்போது கைப்பிடி தற்செயலாகப் பின்னுக்கு நகர்ந்தால், ராவிய தகடு உடனே இறங்கும். அதனால் வாங்கும்போதே மேகசினைக் கழற்றி, அறையைப் பார்த்து, போல்ட்டைப் பூட்டி, தகட்டைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் ஒருமுறை இழுத்து விட்டுப் பார்ப்பார்கள் விவரமறிந்தவர்கள். போல்ட் மூடினால் தகடு மாறியிருக்கிறது.

(தொடரும்)